வளைவோடு சாய்கிற தூக்கம்

தூங்குவதில் பரீட்சை வைத்தால் அதில் கூடவா ஒருத்தி தோற்பாள் என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா. தோற்றாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

அவளை நான் அண்ணி என்றே சொல்கிறேன். கதை முழுக்க அவளை ஒட்டிக்கொண்டே வருகிறவள் அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு வீட்டில் கொக்கு என்று பேர். கழுத்தும் காலும் அவ்வளவு நீளம்; போதாததற்கு எதையாவது யோசித்தால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பழக்கம். நாற்பத்தொரு வயசாகியும் அந்தப் பேர் அவளை விடவில்லை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அண்ணி அவளைவிட மூன்று வயசு மூத்தவள், உயரத்தில் அவள் தோளுக்குத்தான் வருவாள்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. ஊர் ஊராகச் சரக்கு அனுப்புகிற கம்பெனி. அதன் கிடங்கில் பெட்டி கட்டினார்கள். அட்டையை மடக்கு, சாமானை வை, டேப்பை ஒட்டு, தள்ளிவிடு. அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் டேப் ஒட்டுகிற மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் போதும். அண்ணி நிரந்தர ஆள், அந்த நாலில் ஒருத்தியானாள். கொக்கு தற்காலிகம். மாதக் கடைசியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் இன்னொரு நோட்டீஸும் ஒட்டினார்கள். லாரி ஓட்டப் பழக விரும்புகிறவர்களுக்குக் கம்பெனியே சொல்லிக்கொடுக்கும். பத்து வாரப் பயிற்சி, தங்குகிற அறை, சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. பத்து வாரமும் சம்பளம் உண்டு. தேறியவர்கள் இரண்டு வருஷம் கம்பெனி வண்டியை ஓட்ட வேண்டும். ஜோடியாகச் சேர வேண்டும்.

கொக்கு அதன் முன்னால் ஒற்றைக் காலில் நின்றாள். சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை.

"என்னடி, அதுல உன் போட்டோவா போட்டிருக்கு?" என்றாள் அண்ணி.

"ஜோடி வேணுமாம் அண்ணி."

"அதுக்கு?"

"நீங்க வாங்க."

"நானா? நான் பெடலுக்குக் கால் நீட்டினா தலை ஸ்டீயரிங்குக்குக் கீழ போயிடும். வேற ஆளைப் பாரு."

"சீட்டை ஏத்தி இறக்கலாமாம். எழுதியிருக்கு."

அண்ணி நோட்டீஸைப் பார்க்கவில்லை, கொக்கின் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் இந்தப் பெண் ஒரு பொருளை எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. சாப்பிடும்போது கூட இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்கத் தெரியாதவள். அண்ணி அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் மாட்டிய கண்ணாடிக் குழலைக் கூட எடுக்காமல் சிரித்தார். "என் தங்கச்சி லாரி ஓட்டி நீ பின்னாடி தூங்கறதா? நான் அவ சைக்கிள் பின்னாடி உட்கார்ந்துட்டு கண்ணை இமைச்சது கூட இல்ல."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. ஜோடி என்று கம்பெனி ஏன் கேட்டது தெரியுமா? ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் தூங்க வேண்டும். முன்சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, விழாமலிருக்க இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, பக்கத்தில் திரை. ஓட்டினவள் களைத்தால் தூங்கினவள் எழுந்து வந்து உட்காருவாள். வண்டி நிற்கவே நிற்காது.

பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. காலையில் போனால் பனிமூட்டத்தில் ஆரஞ்சுக் கூம்புகள் மட்டும் தெரியும். லாரிகள் எங்கேயோ உறுமிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக வெளுத்து வரும், யாரோ கனவிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து வெளியே வைப்பது மாதிரி. அந்த மைதானத்தில் எல்லாமே மெதுவாக நடந்தது. பெரிய வண்டிகள் அரை அடி முன்னே போகும், யோசிக்கும், அரை அடி பின்னே வரும். ஏர் பிரேக் பெருமூச்சு விடும். இறங்கி வருகிறவர்கள் கொஞ்ச நேரம் தரையில் நடக்கத் தெரியாமல் நிற்பார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு முப்பத்திரண்டு வயசு இருக்கும். எப்போதும் பாதி மூடின கண். முன்னால் படித்துப் போனவர்கள் அரைக்கண் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். பார்த்தால் தூங்கி விழப் போகிற மாதிரி இருக்கும். கூம்பில் டயர் நூலளவு உரசினாலும் காலடியில் இருக்கும் தன் பிரேக்கை அழுத்திவிடுவார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு.

"தம்பி, நீங்க வீட்டுல போய் நல்லா தூங்குங்க," என்று முதல் நாளே அண்ணி சொன்னாள்.

"வண்டிக்கு வெளியிலதான் நான் தம்பி, நீங்க அக்கா. உள்ள ஏறிட்டா நீங்க டிரைவர் ஒன்னு, அவங்க டிரைவர் ரெண்டு. தூக்கமெல்லாம் எனக்கு எப்பவோ போயிடுச்சு அக்கா. ஆறு வருஷமா புது ஆளுங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். பஸ்ல போனா கூட என் கால் பிரேக்கைத் தேடுது."

ஓட்டப் பழகுவதில் இருவருமே மோசமில்லை. அண்ணி இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்து, பின்பக்கமாக வண்டியைக் கூம்புகளுக்கு நடுவில் அப்படியே நுழைத்துவிடுவாள். கொக்குக்கோ அந்த உயரத்தில் உட்கார்ந்ததும் முகமே மாறிப்போனது. வீட்டில் கதவுக்குக் குனிந்து, விளக்குக்குக் குனிந்து, வருகிறவர்கள் பேச்சுக்குக் குனிந்து பழகினவள். லாரிக்குள் அவள் கழுத்து நிமிர்ந்து நின்றது. இதற்காகவே கட்டின அறை மாதிரி இருக்கிறது என்றாள்.

அண்ணி ஓட்டுகிற நேரங்களில் கொக்கு பின்னால் ஏறி, பட்டையை மாட்டி, திரையை இழுத்தால் சரி. ஐந்து நிமிஷத்தில் மூச்சு நீளமாகிவிடும். கல்லில் ஏறினாலும் குழியில் இறங்கினாலும் அவளுக்குத் தெரியாது.

"பொறுப்புன்னு ஒன்னு இருந்தாதானே முழிப்பு வரும்," என்பாள் அண்ணி.

எட்டாவது வாரம் ஓய்வுப் பரீட்சை. விதி எளிது: பகலில் ஒரு நீளமான ஓட்டம். ஒருத்தி ஓட்ட வேண்டும், மற்றவள் தூங்க வேண்டும். தூங்கினாள் என்று சார், தன் சீட்டுக்கு மேலே இருக்கிற வட்டக் கண்ணாடியில் திரையின் இடுக்கு வழியாகத் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். தூங்காத ஆள் அடுத்து ஓட்ட உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் தாட்சண்யம் கிடையாது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் ஒருத்தி தூங்காவிட்டால் ஜோடியே கலைந்தது. அண்ணி திரும்பிப் போய் மெஷின் பக்கத்தில் நிற்கலாம். கொக்கு போக இடமில்லை.

ஒருத்தியின் பிழைப்பு இன்னொருத்தியின் தூக்கத்தில் மாட்டிக்கொண்டது, பார்த்தீர்களா.

கொக்கு தன் முறைக்குப் படுத்ததுமே தூங்கித் தேறிவிட்டாள். அண்ணியோ முதல் பரீட்சையில் தூங்கின மாதிரி நடித்தாள். வெகு நன்றாக நடித்ததாக அவளுக்கு நினைப்பு. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டாள். நடுநடுவே ஒரு குறட்டையும் விட்டாள். மைதானத்துக்குத் திரும்பி இறங்கியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பாடா, என்னா தூக்கம்!" என்றாள்.

அரைக்கண் சார் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மொத்தம் பதினாலு வளைவு அக்கா. பதினாலு தடவையும் வளைவு வர்றதுக்கு முன்னாடியே நீங்க கால ஊனிட்டீங்க."

"அதனால?"

"தூங்கறவங்களுக்கு வளைவு வரப்போறது தெரியாது. வண்டி சாஞ்சப்புறம்தான் அவங்க சாய்வாங்க. தண்ணி பாட்டில் மாதிரி. நீங்க கூடவே ஓட்டிட்டு வந்தீங்க."

அண்ணியின் முகம் சிவந்தது. கொக்கு கைக்குட்டையால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவைக்கு அண்ணி ஏற்பாடோடு வந்தாள். அறையை நன்றாக இருட்டாக்கிக்கொண்டு தூங்கிப் பழக்கமாம், அதனால் கண்ணுக்கு ஒரு துணி. வண்டிச் சத்தம் கேட்கக்கூடாதென்று காதுக்குப் பஞ்சு. மதியம் இரண்டு ஆள் சாப்பாடு. அப்படியும் என்ன ஆயிற்று? கண்ணையும் காதையும் அடைத்ததும் உடம்பு முழுக்கக் கண்ணும் காதுமாகிவிட்டது. முதுகு வழியாக ரோடு தெரிந்தது. நாற்பது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்த மாதிரி ஒரு நினைப்பு. அவ்வளவுதான். திரை விலகியது. கண்ணில் துணியும் காதில் பஞ்சுமாக ஒரு தலை வெளியே வந்தது.

"ஏ கொக்கு, பிரேக்!"

ரோட்டில் எதிரே ஒரு ஈ காக்கா இல்லை.

சார் எழுதினார்: 'ஓய்வில் இருந்தவர் பிரேக் போடச் சொன்னார்.'

அன்று சாயங்காலம் விடுதி அறைக்குத் திரும்பினார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பயிற்சி முடித்த லாரிகள் வரிசையாகக் கண்ணை மூடி நின்றன. கொக்கு தன் துணிகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

"இப்பவே என்ன அவசரம்? இன்னொரு வாய்ப்பு இருக்குல்ல?" என்றாள் அண்ணி.

"எத்தனை இருந்தா என்ன. நீங்க என்னை நம்பப் போறதில்ல."

"நம்பாமத்தான் வந்தேனா? வேலைய விட்டுட்டு, மெத்தைமேல மெத்தை போட்டு உட்கார்ந்துட்டு..."

"ஒரே ஒரு தடவை பால் பொங்க விட்டேன் அண்ணி. ஒரு தடவை. வந்த முதல் வாரம். அதுலேருந்து நான் அடுப்பை அணைச்சா நீங்க ஒரு தடவை போய்ப் பார்ப்பீங்க. கதவைச் சாத்தினா நீங்க ஒரு தடவை இழுத்துப் பார்ப்பீங்க. நான் ஒன்னும் சொன்னதில்ல."

"உனக்குன்னு இல்லடி. உங்க அண்ணன் சாத்தினாலும்தான் இழுத்துப் பார்ப்பேன். எல்லாரும் தூங்கினப்புறம் நான் தூங்குவேன், எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எழுந்திருப்பேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல?"

கொக்கு மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதைத்தான் சொல்றேன். இருபது வருஷமா நான் நல்லா தூங்கினதெல்லாம் நீங்க முழிச்சிருந்ததாலதான். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. வண்டியில நான் படுத்ததும் தூங்கறேன்ல, அது பொறுப்பில்லாம இல்ல. ஒரு நாள் மாத்திக்கலாம்னு கேக்கறேன். நான் முழிச்சிருக்கேன். நீங்க தூங்குங்க."

மறுநாள் காலையில் அண்ணி யாருக்கும் தெரியாமல் அரைக்கண் சாரைப் போய்ப் பார்த்தாள். கொக்குக்கு வேறு ஜோடி பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களைப் பிரிக்க வழியில்லை என்றார் அவர்.

"ஆனா ஒன்னு அக்கா. உங்க நாத்தனார் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமா பிடிக்கிறாங்கன்னு உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கில்ல? எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அவங்க தாமதமா பார்க்கிறாங்களா, இல்ல சீக்கிரமே பார்த்துட்டு நிதானமா பிடிக்கிறாங்களான்னு தெரியல. நாளைக்கு அவங்கள வாய்விட்டு ஓட்டச் சொல்லப் போறேன்."

வாய்விட்டு ஓட்டுவது என்றால் இதுதான்: ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும், அதற்காகத் தான் செய்யப் போவதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர் எதைப் பார்க்கிறார், எதைத் தவறவிடுகிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்கு அப்போது தெரிந்துவிடும். கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய தண்டனை. கொக்கு மாதிரி நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவளுக்குக் கேட்கவே வேண்டாம்.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது," என்றார் சார், மூன்றாவது பரீட்சையன்று வண்டி கிளம்பும்போது. "பெரிய பெட்ரோல் பங்க் தாண்டி லாரிங்க நிக்கிற இடம் இருக்கு. அங்க போய் நிறுத்துங்க."

அண்ணி பின்னால் ஏறிப் படுத்தாள். இந்தத் தடவை துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. வருவது வரட்டும் என்று மல்லாந்து கிடந்தாள். திரை ஆரஞ்சு நிறம். பகல் வெளிச்சம் அதன் வழியாக வடிந்து அவள் கையை எல்லாம் ஒரு பழத்தின் உள்பக்கம் மாதிரி ஆக்கியிருந்தது.

முன்னால் கொக்கின் குரல் தட்டுத் தடுமாறிக் கிளம்பியது.

"கேட்டு திறந்திருக்கு. இடது கண்ணாடி... யாரும் இல்ல. வலது கண்ணாடி, ஒரு வெள்ளை வேன், தூரத்துல. நான் வெளிய எடுக்கிறேன். முன்னாடி தண்ணி லாரி. தண்ணி சிந்திட்டுப் போகுது. ரோடு ஈரம். இடைவெளி விடறேன்."

இடைவெளி விட்டாளா? அண்ணி முதுகால் பார்த்தாள். விட்டாள். வண்டி லேசாக மூச்சை இழுத்துப் பிடித்தது.

"சைக்கிள்ல ஒரு பெரியவர். பின்னாடி கூடை கட்டியிருக்காரு, சரியா கட்டல. விழுந்தாலும் விழும். ஒதுங்கிப் போறேன்."

கூடை சரியாகக் கட்டவில்லை என்பது கூடவா தெரிகிறது இவளுக்கு?

"பஸ் நிக்குது. பஸ்ஸுக்குக் கீழ ஒரு ஜோடி கால் தெரியுது. முன்பக்கமா யாரோ கடக்கப் போறாங்க. மெதுவா... மெதுவா. கடந்தாச்சு. பை வெச்சிருந்த அம்மா."

அண்ணி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள், வீட்டில் ராத்திரி கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரியேதான். இழுத்துப் பார்த்த கதவெல்லாம் சாத்தியே இருந்தது.

"ஒரு பந்து ரோட்டுக்கு வருது. பந்து வந்தா பின்னாடியே ஒரு ஆள் வரும். நிறுத்தறேன்."

அத்தனை பெரிய வண்டி, ஒரு சொம்பைத் தரையில் வைப்பது போல நின்றது.

"வந்துட்டா. சின்னப் பொண்ணு. பந்தை எடுத்துட்டா. கைய ஆட்டறா. நானும் ஆட்டறேன். கண்ணாடி ரெண்டும் பார்த்துட்டேன். கிளம்பறேன்."

எனக்கு இது தோன்றியிருக்குமா என்று அண்ணி நினைத்தாள். பந்தைப் பார்த்திருப்பேன். பந்துக்குப் பின்னால் வரப்போகிறவளைப் பார்த்திருப்பேனா? இருபது வருஷம் வீட்டில் ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள் இத்தனையையும் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாளா?

ஊர் முடிந்து நெடுஞ்சாலை வந்தது. கொக்கின் குரலில் தடுமாற்றம் போய்விட்டது. ஒரே சீராக, உயராமல் தாழாமல் வந்துகொண்டிருந்தது. பாலம் வருது. பாலத்துமேல காத்து இருக்கும், கெட்டியாப் பிடிச்சுக்கறேன். பாலம் முடிஞ்சுது. மரம். மரம். மரம். நிழல் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கு. மாடியில துணி காயுது. முன்னாடி ஒரு கார், போகட்டும், அவங்களுக்கு அவசரம்.

தண்ணீர் லாரி அண்ணியின் சமையலறை வழியாகப் போனது. போகிற போக்கில் குடத்தையெல்லாம் நிரப்பிவிட்டுப் போனது. வெள்ளை வேன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. கூடத்தின் ஒரு முனையிலிருந்து பந்து உருண்டு வந்தது. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் தெரு இல்லை, நீளமாக ஒரு ரோடு. எழுந்து போய்ச் சாத்த வேண்டும் என்று அண்ணி காலை அசைத்தாள்.

'கதவு திறந்திருக்கு,' என்றது ஒரு குரல். 'பார்த்துட்டேன். நான் சாத்தறேன்.'

அடுப்பு என்று அண்ணி சொல்ல வாயெடுத்தாள்.

'அடுப்பு. பார்த்துட்டேன். அணைக்கிறேன்.'

குழாய்.

'குழாயும் பார்த்துட்டேன். நீங்க படுங்க.'

வீடு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. பாத்திரங்கள் சாய்ந்தன, கடிகாரங்கள் சாய்ந்தன, அவற்றோடு அவளும் சாய்ந்தாள். அப்புறம் நிமிர்ந்தது.

கண் விழித்தபோது சத்தமே இல்லை. இன்ஜின் நின்றிருந்தது. திரையை விலக்கினாள். லாரிகள் நிற்கிற பெரிய திடல். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபடி கொக்கு உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கரகரப்பு.

"...நின்னுட்டோம். ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. முன்னாடி ஒரு நாய் தூங்குது. இடது பக்கம் சார் தூங்கறாரு. பின்னாடி அண்ணி..."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அரைக்கண் சாரின் கண் பாதி இல்லை, முழுதாக மூடியிருந்தது. தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்து, ஆறு வருஷத்துத் தூக்கமும் ஒன்றாக வந்து அவர்மேல் உட்கார்ந்திருந்தது.

"எப்பத்திலேருந்து?" என்று கிசுகிசுத்தாள் அண்ணி.

"பாலம் தாண்டினதும். நிறுத்தச் சொல்லல. அதான் பேசிட்டே வந்தேன்." ஒரு மணி நேரம் தூங்குகிற இரண்டு பேருக்கு ரோட்டைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள் அந்தப் பெண்.

சார் திடுக்கிட்டு எழுந்தார். கால் பிரேக்கை மிதித்தது. நிற்கிற வண்டி. வெளியே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"நான்... தூங்கிட்டேனா?"

"நானும்தான் தம்பி," என்றாள் அண்ணி சந்தோஷமாக. "சத்தியமா தூங்கிட்டேன். இந்தத் தடவை நடிக்கல."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நான் பார்க்கலையே அக்கா."

"இவ பார்த்தா. கேளுங்க."

"ஓட்டறவங்க பின்னாடி திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்திருந்தா அதுக்கே நான் பெயில் போடணும்."

"பார்க்கல சார்," என்றாள் கொக்கு, இருந்த கொஞ்சக் குரலில். "கேட்டேன். குறட்டை."

"அது என்னுதா இருக்கும்."

"ரெண்டு சுருதியில கேட்டுது."

அண்ணி பின்னாலிருந்து முன்னால் வந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, பயப்படாதீங்க. நீங்க தூங்கினத நாங்க ஏன் வெளிய சொல்லப் போறோம்? நான் தூங்கினேன்னு எழுதிடுங்க. அது பொய்யும் இல்ல. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அவர் பேனாவை எடுத்தார். எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பாவம், அவருக்கும் ஒரு வேலை, ஒரு வீடு இருந்தது. ஆனால் கொக்கு தன் நீளக் கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டாள்.

"வேணாம் சார்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாளைக்கு நாங்க ரெண்டு பேர் மட்டும் போகும்போது நான் நாள் முழுக்கப் பேசிட்டே ஓட்ட முடியுமா? பேசாம ஓட்டினாலும் இவங்க தூங்கணும். தூங்கலைன்னா அடுத்து இவங்கதான் ஓட்டணும், கண்ணெல்லாம் சொருகிட்டு. காகிதத்துல தூங்கினா பத்தாது அண்ணி."

"அடிப்பாவி, கைக்கு வந்ததைத் தட்டி விடறியே," என்றாள் அண்ணி.

அரைக்கண் சார் பேனாவை மூடினார். மூடியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "திரும்பிப் போற ஓட்டம் இருக்கு. மூணாவது பரீட்சை மைதானத்துக்குள்ள போய் நின்னாத்தான் முடியுது." இறங்கிப் போய்க் குழாயடியில் மூன்று தடவை முகம் கழுவிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அண்ணி மறுபடியும் திரைக்குப் பின்னால் படுத்தாள். இப்போதுதான் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவள். இனி எங்கிருந்து வரப்போகிறது தூக்கம்? போயிற்று, எல்லாம் போயிற்று என்று கிடந்தாள். முன்னால் குரல் இல்லை. கொக்குக்குக் குரலே மிச்சமில்லை. டயர்கள் மட்டும் ரோட்டை நீளமாக உரித்துக்கொண்டே போயின.

கொஞ்ச நேரத்தில் ஒரு டிக், டிக், டிக். இண்டிகேட்டர். யாருக்கோ வழி விடுகிறாள். நின்றுபோயிற்று. வழி விட்டாயிற்று. பெடலிலிருந்து கால் எடுத்த மாதிரி ஒரு தளர்வு: முன்னால் ஏதோ மெதுவாகப் போகிறது. பிரேக் இல்லை, சீக்கிரமே பார்த்துவிட்டாள். பேசாமல் இருந்தாலும் அந்தப் பெண் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே இருந்தால் கூட அவள் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

கேட்காமலே இருந்தால் கூட.

அண்ணி அதை ஒரு தடவை நினைத்தாள். இன்னொரு தடவை நினைக்கப் பாதி வழி போனாள். அதற்கப்புறம் நினைத்தது என்ன என்று அவளுக்கே தெரியாது.

மேலே இருந்த வட்டக் கண்ணாடியில் அரைக்கண் சார் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வளைவு. வண்டி சாய்ந்தது, ஒரு நொடி கழித்து அவள் சாய்ந்தாள். இரண்டாவது வளைவு. மூன்றாவது. கை ஒன்று மெத்தையிலிருந்து நழுவித் தொங்கி, வண்டி போகிற பக்கமெல்லாம் போய் வந்தது. அவர் எழுதினார். எழுதி முடித்தும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மைதானத்துக்குள் வண்டி நுழைந்தபோது சாயங்கால வெயில் கூம்புகளின் நிழலை நீளமாகப் போட்டிருந்தது. மற்றவர்கள் தங்கள் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொக்கு வண்டியை நிறுத்த வேண்டிய இடத்துக்கு வந்தாள். நிறுத்தவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரல் வராததால் வாயை மட்டும் அசைத்தாள்: நிறுத்தினா எழுந்திருவாங்க.

சார் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சுத்துங்க," என்றார்.

கொக்கு ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாள். அத்தனை நீள வண்டி, கூம்புகளுக்கு வெளிப்புறமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. கழுவிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எதற்கு என்று கேட்க வந்த காவலாளிக்கு சார் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இரண்டாவது சுற்று. கொக்கு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, இடது கண்ணாடி, வலது கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்தாள்.